கழுத்தில் கட்டியா? தழும்பைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலைகள், வரிசைப்படி

என் மனைவிக்குத் தைராய்டு ஆபரேஷன் நடந்தது. அதற்கு முன்னும் பின்னுமாக ஒன்றரை வருடம் ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். அதிலிருந்து, தெரிந்தவர்கள் வீட்டில் யாருக்காவது கழுத்தில் கட்டி என்றால் எனக்குத்தான் போன் வருகிறது. எடுத்ததும் வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணே, லேசர்ல பண்ணா தழும்பே வராதாமே, எங்க பண்றாங்க?" ஊசிப் பரிசோதனை ஆயிற்றா என்று கேட்டால், "அது இன்னும் எடுக்கலண்ணே."

அந்த வரிசையைத் திருப்பிப் போடத்தான் இதை எழுதுகிறேன். கட்டி என்ன ரகம் என்று தெரிந்தால்தான் சுரப்பியில் எவ்வளவு எடுப்பது என்று தெரியும். எவ்வளவு எடுப்பது என்று தெரிந்த பிறகுதான் எந்த வழியாக எடுப்பது என்று பேச முடியும். நான் மருத்துவன் இல்லை. மருந்தின் அளவும் சிகிச்சை முடிவும் உங்கள் டாக்டருடையவை. எந்த வேலையை எப்போது முடிக்க வேண்டும், எங்கே சறுக்குகிறார்கள் என்பது மட்டும்தான் என் பங்கு.

ஒரு விதிவிலக்கு. கட்டி சில வாரங்களில் மளமளவென்று பெரிதாகிறது, மூச்சு விடும்போது சத்தம் வருகிறது, குரல் திடீரென்று கம்மிவிட்டது, சாப்பாடு இறங்கவில்லை என்றால் இந்த வரிசையெல்லாம் வேண்டாம். அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள்.

1. ஃபைலை ஒழுங்கு செய்யுங்கள்

ஒரு கிளிப் ஃபைல் போதும். பழைய ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் ரிப்போர்ட், ஸ்கேன் படம் அல்லது சிடி, எல்லாவற்றையும் தேதி வாரியாக, புதியது மேலே இருக்கும்படி அடுக்குங்கள். புறநோயாளிப் பிரிவில் டாக்டரிடம் உங்களுக்குக் கிடைப்பது ஐந்து நிமிடம். அதில் மூன்றைத் தாள் தேடுவதில் செலவழித்தால் கேள்வி கேட்க நேரம் இருக்காது.

முதல் பக்கத்தில் ஒரு தாளில் இவற்றை எழுதுங்கள்: தினமும் சாப்பிடும் எல்லா மாத்திரைகளும், சித்த, ஆயுர்வேத மருந்துகள் உட்பட. குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு புற்றுநோய் இருந்ததா? சிறு வயதில் கழுத்துப் பக்கம் கதிர்வீச்சு சிகிச்சை எடுத்ததுண்டா? முன்பு கழுத்தில் ஏதாவது ஆபரேஷன்? காயம் ஆறிய இடத்தில் தோல் தடித்துப் புடைக்கும் வாகு உண்டா? இந்தக் கடைசிக் கேள்வி பிறகு வெட்டும் இடத்தைத் தீர்மானிப்பதில் உதவும்.

அரசுக் காப்பீட்டு அட்டை, குடும்ப அட்டை, ஆதார் நகல்களும் அதே ஃபைலில் இருக்கட்டும். ஆபரேஷன் தேதி குறித்த பிறகு அட்டையில் பெயர் விட்டுப்போயிருப்பதைக் கண்டுபிடித்து ஓடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

2. முதலில் டிஎஸ்எச், பிறகுதான் மற்றவை

டிஎஸ்எச் என்பது தைராய்டைச் சுரக்கச் சொல்லி மூளை அனுப்பும் ஹார்மோன், ரத்தத்தில் அளப்பார்கள். தைராய்டு ஹார்மோன் கூடினால் இது குறையும், குறைந்தால் இது கூடும். இது சாதாரணமாக இருந்தால் கட்டியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். சுரப்பி வேலை செய்வது வேறு, அதில் கட்டி இருப்பது வேறு. தைராய்டு புற்றுநோய் உள்ள பெரும்பாலோருக்கு டிஎஸ்எச் சரியாகவே இருக்கும்.

பின்னே ஏன் முதலில் இதைப் பார்க்கிறார்கள்? டிஎஸ்எச் குறைவாக இருந்தால் அந்தக் கட்டியே தனியாக ஹார்மோனைச் சுரந்து தள்ளிக்கொண்டிருக்கலாம். அப்போது ஊசிக்கு முன்பு ஐசோடோப் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். அப்படிச் சுரக்கும் கட்டியில் புற்றுநோய் மிக அரிது. அதோடு, ஹார்மோன் அதிகமாக இருக்கும் நிலையில் யாரும் ஆபரேஷன் மேசைக்குப் போகக் கூடாது. மாத்திரையால் அதைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகுதான் மயக்க மருந்து. இல்லையென்றால் இதயம் தாறுமாறாக ஓடி உயிருக்கே ஆபத்தாகலாம்.

3. அல்ட்ராசவுண்ட்: எந்தக் கட்டிக்கு ஊசி என்பதை இதுதான் சொல்லும்

கழுத்துக்கு முதலில் எடுக்க வேண்டியது சாதாரண அல்ட்ராசவுண்ட்தான். பக்கவாட்டில் உள்ள நெறிகட்டிகளையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லி டாக்டர் எழுதியிருக்கிறாரா என்று கவனியுங்கள். கட்டியை மட்டும் அளந்து கொடுத்துவிட்டால் இரண்டாவது முறை போக வேண்டிவரும்.

ரிப்போர்ட்டில் டை-ராட்ஸ் என்று 1 முதல் 5 வரை ஓர் எண் இருக்கும். எண் கூடக் கூட சந்தேகம் கூடும். அமெரிக்கக் கதிரியக்கக் கல்லூரியின் முறைப்படி 1, 2 என்றால் ஊசி தேவையில்லை. 3 என்றால் கட்டி 2.5 செ.மீ. அல்லது அதற்கு மேல், 4 என்றால் 1.5 செ.மீ., 5 என்றால் 1 செ.மீ. இருந்தால் ஊசி. நெறிகட்டி சந்தேகமாக இருந்தால் கணக்கு மாறும்.

எண்ணைப் பார்த்துவிட்டு வழியிலேயே அழுபவர்கள் உண்டு. 4 என்பது நோயின் நான்காம் கட்டம் இல்லை. அளவைப் பொறுத்து ஊசி போட்டுப் பார்க்க வேண்டிய கட்டி என்றுதான் அதற்கு அர்த்தம். தைராய்டு கட்டிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் சாதாரணக் கட்டிகளே.

எடுத்த எடுப்பில் கான்ட்ராஸ்ட் மருந்தை ஏற்றி சிடி ஸ்கேன் எடுத்துக்கொண்டு வருபவர்களும் உண்டு. கான்ட்ராஸ்ட் மருந்தில் அயோடின் நிறைய இருக்கிறது. பிறகு ரேடியோ அயோடின் சிகிச்சை (மிச்சமிருக்கும் தைராய்டுச் செல்களை அழிக்கும் கதிரியக்க மருந்து) தேவைப்பட்டால், இந்தச் சாதாரண அயோடின் உடம்பிலிருந்து வெளியேற ஒன்றிரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். கட்டி நெஞ்சுக்குள் இறங்கியிருந்தாலோ மூச்சுக்குழாயை அழுத்தினாலோ சிடி தேவைதான். அதை டாக்டர் கேட்கட்டும்.

4. ஊசிப் பரிசோதனை: ரிப்போர்ட்டைப் படிக்கும் விதம்

எஃப்என்ஏசி என்பது ரத்தம் எடுக்கும் ஊசியைவிட மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து செல்களை உறிஞ்சி எடுப்பது. பெரும்பாலும் மரத்துப்போகும் ஊசிகூடத் தேவைப்படாது. ஊசி குத்தினால் கட்டி கலைந்து பரவிவிடும் என்ற பயத்தால் ஆறு மாதம் தள்ளிப்போட்டவர் என் உறவிலேயே இருக்கிறார். இந்த மெல்லிய ஊசியால் தைராய்டு கட்டி பரவுவது நடைமுறையில் அஞ்ச வேண்டிய விஷயமே இல்லை.

ஸ்கேனில் பார்த்துக்கொண்டே ஊசி போடும் இடமாகத் தேர்ந்தெடுங்கள். கட்டியின் எந்தப் பகுதி சந்தேகமாக இருக்கிறதோ அங்கேயே குத்த அது உதவும். கையால் தடவிக் குத்தினால் நீர் மட்டும் வந்து, ரிப்போர்ட் பயன்படாமல் போகலாம்.

ரிப்போர்ட்டில் பெதஸ்டா வகுப்பு என்று 1 முதல் 6 வரை எழுதியிருக்கும். சுருக்கமாகச் சொன்னால்:

1 என்றால் போதிய செல்கள் கிடைக்கவில்லை. இது "ஒன்றுமில்லை" என்ற பதில் அல்ல. திரும்பவும் எடுக்க வேண்டும். இதை நல்ல செய்தி என்று எடுத்துக்கொண்டு ஃபைலை மூடி வைப்பதுதான் நான் பார்த்ததிலேயே மோசமான தவறு.

2 என்றால் சாதாரணக் கட்டி. பெரிதாகித் தொந்தரவு தராதவரை இடைவெளி விட்டு ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் போதும்.

3, 4 இரண்டும் இழுபறி. 3-க்கு ஊசியைத் திரும்பப் போடலாம், சில இடங்களில் மரபணுப் பரிசோதனை செய்யலாம். 4-க்குப் பெரும்பாலும் கட்டி இருக்கும் பாதிச் சுரப்பியை எடுத்துப் பார்ப்பார்கள். ஏன் ஊசியிலேயே சொல்ல முடியவில்லை? ஃபாலிகுலர் வகைக் கட்டியில் புற்றுநோய்ச் செல்லும் சாதாரணச் செல்லும் ஒரே மாதிரி இருக்கும். கட்டியைச் சுற்றியுள்ள உறையை அவை துளைத்திருக்கின்றனவா என்பதுதான் வித்தியாசம். உறையை முழுசாக வெட்டிப் பார்க்காமல் அது தெரியாது.

5 என்றால் பலமான சந்தேகம். 6 என்றால் புற்றுநோய்.

கண்ணாடி ஸ்லைடுகளை லேபில் கேட்டு வாங்கி வையுங்கள். வேறு மருத்துவமனைக்குப் போனால் ரிப்போர்ட் தாளை வைத்து மட்டும் முடிவெடுக்க மாட்டார்கள். ஸ்லைடு கையில் இருந்தால் அவர்களுடைய பேத்தாலஜிஸ்ட் பார்த்துக்கொள்வார், இன்னொரு குத்து மிச்சம்.

ரிப்போர்ட்டில் "மெடுல்லரி" (தைராய்டு புற்றுநோயில் ஓர் அரிய வகை) என்ற சொல் இருந்தால் அடுத்த படிகள் மாறும். கால்சிடோனின் என்ற ரத்தப் பரிசோதனை, குடும்பத்துக்கான மரபணுப் பரிசோதனை, சிறுநீரகத்துக்கு மேலே உள்ள அட்ரினல் சுரப்பியில் கட்டி இருக்கிறதா என்ற சோதனை மூன்றும் ஆபரேஷனுக்கு முன் முடிய வேண்டும். இந்த வகையில் ஏறக்குறைய நான்கில் ஒன்று பரம்பரையாக வருவது. அட்ரினல் கட்டியைக் கவனிக்காமல் மயக்க மருந்து கொடுத்தால் ரத்த அழுத்தம் எகிறிவிடும்.

5. எவ்வளவு எடுப்பது?

இதைப் பேசி முடிக்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

பாதி எடுத்தால் மீதிப் பாதி பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும். ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத்தான் தைராய்டு ஹார்மோன் மாத்திரை தேவைப்படுகிறது. குரல் நரம்பு ஒரு பக்கம் மட்டுமே ஆபத்துக்கு உள்ளாகும். கால்சியம் பிரச்சினை நிரந்தரமாக வராது என்றே சொல்லலாம். முழுதாக எடுத்தால் வாழ்நாள் முழுக்க மாத்திரை. இரண்டு நரம்புகள், ரத்தத்தில் கால்சியத்தைப் பார்த்துக்கொள்ளும் நான்கு பாராதைராய்டுச் சுரப்பிகள், எல்லாவற்றையும் காப்பாற்ற வேண்டும்.

புற்றுநோய் என்றாலே முழுதாக எடுக்க வேண்டும் என்ற காலம் போய்விட்டது. 4 செ.மீ.க்குள் இருக்கும், வெளியே பரவாத பாப்பிலரி வகைக்கு (தைராய்டு புற்றுநோயில் அதிகம் வருவது இதுதான்) பாதி எடுத்தாலே போதும் என்ற வழி அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2015 வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. 1 செ.மீ.க்குக் குறைந்த சிலவற்றை வெட்டாமல் ஸ்கேனில் கண்காணிப்பதும் உண்டு. ஜப்பானில் கோபே நகரின் கூமா மருத்துவமனையில் 1993 முதல் அப்படிச் செய்துவருகிறார்கள். ஆனால் வருடத்துக்கு ஒரு ஸ்கேனுக்குத் தவறாமல் போவோம் என்ற உறுதி உங்களுக்கு இருக்க வேண்டும்.

பக்கக் கழுத்து நெறிகட்டியில் பரவியிருந்தால் முழுச் சுரப்பியோடு அந்தப் பக்க நெறிகட்டிகளையும் எடுப்பார்கள். அப்போது தழும்பு நீளும். பாப்பிலரி வகை நெறிகட்டிக்குப் போவது மிகச் சாதாரணம். அதைக் கேட்டு மனம் உடைய வேண்டியதில்லை, பெரும்பாலோர் நன்றாக இருக்கிறார்கள்.

6. இப்போது பேசலாம்: எந்த வழியாக?

முதலில் பெயர்க் குழப்பம். நம் ஊரில் கேமரா வைத்துச் செய்யும் எல்லாவற்றையும் "லேசர் ஆபரேஷன்" என்கிறோம். தைராய்டில் இவற்றுக்கும் லேசருக்கும் சம்பந்தமில்லை.

இரண்டாவது, "சிறு துளை" என்றால் உள்ளேயும் வேலை சிறியது என்று அர்த்தமில்லை. அக்குளிலிருந்து கழுத்துக்கு வர வேண்டுமானால் தோலுக்கடியில் நீளமாகப் பாதை பிரிக்க வேண்டும். கழுத்தில் நேராகத் திறப்பதைவிட அது அதிக வேலை. தழும்பு இடம் மாறுகிறது, அவ்வளவுதான். இதைப் புரிந்துகொண்டு கேட்டால் டாக்டரும் உங்களிடம் வேறு விதமாகப் பேசுவார்.

கழுத்தில் திறந்து செய்வது. கழுத்து மடிப்பில் 4 முதல் 6 செ.மீ. வரை ஒரு கீறல். எந்த அளவுக் கட்டிக்கும், எந்த வகைக்கும் சரிவரும். ஒரு வருடத்தில் கோடு மங்கி மடிப்போடு கலந்துவிடும். என் மனைவிக்கு இதுதான். இன்றைக்குத் தாலிக் கயிற்றுக்கு மேலே எங்கே கோடு இருக்கிறது என்று தேடித்தான் பார்க்க வேண்டும்.

வீடியோ உதவியோடு சிறு கீறல். இத்தாலியின் பீசா நகரில் பாவ்லோ மிக்கோலி வகுத்த முறை. கழுத்திலேயே 1.5 முதல் 2 செ.மீ. கீறல், உள்ளே கேமரா. கட்டி 3 செ.மீ. அளவுக்குள்ளும் சுரப்பி சிறியதாகவும் இருந்தால்தான். உண்மையில் "சிறு துளை" என்ற பெயருக்கு அதிகம் பொருந்துவது இதுதான், ஆனால் இதை யாரும் விளம்பரப்படுத்துவதில்லை.

அக்குள் வழி, அக்குள்–மார்பு வழி. கழுத்தில் தழும்பே இருக்காது. ரோபோ வைத்துச் செய்தால் செலவு பல மடங்கு. கையைத் தூக்கி வைத்துச் செய்வதால் அரிதாகத் தோள் நரம்பு இழுபட்டுக் கை மரத்துப்போகலாம். மார்புத் தோல் மதமதப்பாகச் சில மாதம் இருக்கும். தழும்பு தடிக்கும் வாகு உள்ளவர்களுக்கு மார்பில் வெட்டுவது நல்லதல்ல, கழுத்தைவிட அங்கேதான் அதிகமாகத் தடிக்கும்.

வாய் வழி. பாங்காக்கில் அங்கூன் அனுவோங் 2016-இல் 60 பேருக்குச் செய்ததை வெளியிட்ட பிறகு பரவியது. கீழுதட்டின் உட்புறம் நடுவில் ஒரு 10 மி.மீ. துளை, இரு பக்கமும் 5 மி.மீ. துளைகள். தாடைக்கு அடியில் வாயுவைச் செலுத்தி இடம் உண்டாக்கி மேலிருந்து கீழே இறங்குவார்கள். வெளியே தழும்பு கிடையாது. சில வாரம் தாடையும் கீழுதடும் மரத்திருக்கும். வாய்க்குள் கிருமி உண்டு என்பதால் முன்பே பல் சுத்தம், வாய் கொப்பளிக்கும் மருந்து, ஆன்டிபயாட்டிக் எல்லாம் சேரும்.

யாருக்கு வாய் வழி வேண்டாம்? கழுத்தில் முன்பு ஆபரேஷனோ கதிர்வீச்சோ ஆனவர்கள், பக்கக் கழுத்தில் நெறிகட்டி பரவியவர்கள், சுரப்பிக்கு வெளியே நோய் பரவியவர்கள், ஏற்கெனவே குரல்நாண் ஒரு பக்கம் செயலிழந்தவர்கள், ரொம்பப் பெரிய கழலை உள்ளவர்கள். கழலை ஏன் தடை? அதை 10 மி.மீ. துளை வழியாக வெளியே கொண்டுவரத் துண்டாக்க நேரும். துண்டானால் உறை கிழிந்துவிடும். பெதஸ்டா 4 வந்தவருக்கு உறைதான் பதில் சொல்ல வேண்டும் என்று மேலே பார்த்தோம். தழும்பைத் தவிர்க்கப் போய், எதற்காக ஆபரேஷன் செய்தோமோ அந்தப் பதிலே கிடைக்காமல் போகும்.

வெட்டாமல் சுடுவது. ரேடியோ அலை ஊசியால் கட்டியைச் சூடேற்றிச் சுருக்கும் முறையும் உண்டு. இது முக்கியமாகச் சாதாரணக் கட்டிக்கு. வழக்கமாக இரண்டு முறை ஊசிப் பரிசோதனையில் சாதாரணம் என்று வந்த பிறகே செய்வார்கள். கட்டி உடனே மறையாது, மாதக்கணக்கில் சுருங்கும்.

7. டாக்டரிடம் கேட்க வேண்டியவை

கேட்கத் தயங்காதீர்கள். "வருடத்துக்கு எத்தனை தைராய்டு செய்கிறீர்கள்? அதில் இந்த முறையில் எத்தனை?" அமெரிக்காவில் 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், வருடத்துக்கு 25-க்கு மேல் முழுத் தைராய்டு அறுவை செய்பவர்களிடம் சிக்கல்கள் குறைவாக இருந்தன. நல்ல டாக்டர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

அப்புறம், "உள்ளே சிக்கலானால் கழுத்தைத் திறப்பீர்களா?" ஆம் என்ற பதில்தான் சரியான பதில். அதற்குச் சேர்த்தே கையெழுத்துப் போடுங்கள்.

தமிழ்நாட்டில் எண்டோகிரைன் சர்ஜரி (ஹார்மோன் சுரப்பிகளுக்கான அறுவை) என்று தனித் துறையே சென்னை மருத்துவக் கல்லூரியிலும் வேலூர் சிஎம்சியிலும் இருக்கிறது. மற்ற இடங்களில் காது மூக்கு தொண்டை, பொது அறுவை, புற்றுநோய் அறுவை என்று எந்தத் துறையிலும் செய்வார்கள். துறைப் பெயரைவிட எண்ணிக்கை முக்கியம்.

8. ஆபரேஷனுக்கு முந்தைய இரண்டு வாரம்

காது மூக்கு தொண்டை டாக்டரிடம் குரல்நாண் பரிசோதனை. மெல்லிய கேமராக் குழாயை மூக்கு வழியே விட்டு இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடுவார்கள். ஒரு பக்கம் ஏற்கெனவே அசையாமல் இருந்தாலும் குரல் நன்றாகவே இருக்கலாம். தெரியாமல் இன்னொரு பக்கமும் போனால் மூச்சே சிரமம்.

ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரைகளை எப்போது நிறுத்துவது என்று இதய டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். தானாக நிறுத்துவதும் தவறு, சொல்லாமல் தொடர்வதும் தவறு. ஸ்டென்ட் வைத்தவர் நிறுத்தினால் மாரடைப்பு வரலாம். நிறுத்தாவிட்டால் கழுத்துக்குள் ரத்தம் கட்டலாம்.

முழுதாக எடுப்பதாக இருந்தால் கால்சியம், வைட்டமின் டி அளவை இப்போதே பாருங்கள். நம் ஊரில் வெயில் கொளுத்தினாலும் வைட்டமின் டி பலருக்குக் குறைவுதான். குறையோடு உள்ளே போனால் பிறகு கால்சியம் விழுவது அதிகமாக இருக்கும்.

காப்பீட்டு ஒப்புதல் ஆபரேஷனுக்கு முன்பே வந்தாக வேண்டும். எந்த முறை என்று மாற்றினால் ஒப்புதலும் மாறலாம் என்பதால் காப்பீட்டு மேசையில் முறையின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

9. முதல் 48 மணி நேரம்: துணைக்கு இருப்பவருக்கு

இது கூட இருப்பவருக்காக. நோயாளிக்கு மயக்கம் தெளிந்தும் தெளியாமலும் இருக்கும்.

முதல் நாள் கவனிக்க வேண்டியது கழுத்து. வீக்கம் கூடிக்கொண்டே போவது, கழுத்து இறுக்கிப் பிடிப்பதாகச் சொல்வது, மூச்சுத் திணறல், படுக்க முடியாமல் எழுந்து உட்காருவது, இவற்றில் எது வந்தாலும் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். உள்ளே ரத்தம் கட்டி மூச்சுக்குழாயை அழுத்துகிறது என்று அர்த்தம். அரிது, நூற்றில் ஒருவர் அளவுக்குத்தான். ஆனால் நிமிடங்கள் கணக்கு. பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள் வந்துவிடும். கழுத்திலிருந்து ரத்தத்தை வடிக்கும் குழாயின் பாட்டிலில் ரத்தம் வரவில்லை என்பதால் நிம்மதி அடையாதீர்கள். குழாய் அடைத்துக்கொண்டாலும் பாட்டில் காலியாகத்தான் இருக்கும்.

தொண்டை வலியும் கரகரப்பும் மயக்க மருந்துக் குழாயால் வருவது. சில நாளில் போகும். தண்ணீர் குடிக்கும்போது புரையேறினாலோ குரல் காற்றாக வந்தாலோ சொல்லுங்கள். பெரும்பாலான நரம்பு அதிர்ச்சிகள் சில வாரங்களிலிருந்து சில மாதங்களில் சரியாகின்றன. அனுபவமுள்ள கைகளில் நிரந்தரமாவது நூற்றில் ஒன்றிரண்டு.

இரண்டாம், மூன்றாம் நாள் கவனிக்க வேண்டியது கால்சியம். உதட்டைச் சுற்றிலும் விரல் நுனியிலும் எறும்பு ஊர்வது போல இருந்தால் கால்சியம் குறைகிறது. கை விரல்கள் இழுத்துக்கொண்டால் இன்னும் குறைந்துவிட்டது. சிக்கல் என்னவென்றால், பலரை இரண்டாம் நாளே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கால்சியம் அடிமட்டத்துக்குப் போவது அதற்குப் பிறகும் நடக்கலாம். டிஸ்சார்ஜ் ஆகும்போதே "மதமதப்பு வந்தால் எத்தனை மாத்திரை கூட்ட வேண்டும், எப்போது ஓடி வர வேண்டும்" என்று எழுதி வாங்குங்கள். நாங்கள் வாங்கவில்லை. ராத்திரி பதினோரு மணிக்கு ஆட்டோ தேடினோம்.

10. மாத்திரையும் காபியும்

தைராக்ஸின், அதாவது தைராய்டு ஹார்மோன் மாத்திரை, காலையில் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு. அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. காபி மருந்தை உடம்பில் முழுசாக ஏறவிடாது. நம் வீடுகளில் இது கடினமான காரியம்தான். மாத்திரையைப் படுக்கை அருகிலேயே வைத்து, கண் விழித்ததும் போட்டுவிட்டுப் பல் தேய்க்கப் போனால் காபி வரும்போது நேரம் சரியாக இருக்கும்.

கால்சியம் மாத்திரைக்கும் இரும்புச் சத்து மாத்திரைக்கும் இதற்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும். எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் போட்டுக் காலையில் மொத்தமாக விழுங்குபவர்களுக்கு டிஎஸ்எச் ஏறிக்கொண்டே போகும், டாக்டரும் அளவைக் கூட்டிக்கொண்டே போவார். மாத்திரை பாட்டிலை அடுப்படியிலோ ஜன்னலோரத்திலோ வைக்காதீர்கள், சூட்டில் வீரியம் குறையும். முதல் டிஎஸ்எச் பரிசோதனை 6 வாரம் கழித்து. அதற்கு முன் பார்த்தால் எண் இன்னும் நிலைக்கு வந்திருக்காது.

கழுத்துப் பயிற்சியைச் சர்ஜன் சொன்ன நாளில் தொடங்குங்கள். பயந்து கழுத்தை ஆட்டாமல் வைத்திருந்தால் தோள்வரை பிடித்துக்கொள்ளும்.

11. எடுத்த சுரப்பியின் பயாப்சி ரிப்போர்ட் வந்த பிறகு

எல்லோருக்கும் ரேடியோ அயோடின் தேவையில்லை. சிறிய, பரவாத கட்டிக்கு அதனால் பெரிய லாபம் இல்லை. பாதி மட்டும் எடுத்தவருக்குக் கொடுப்பதும் வழக்கமில்லை, மீதிச் சுரப்பியே மருந்தை உறிஞ்சிவிடும்.

தேவை என்றால் ஒன்றிரண்டு வாரம் அயோடின் குறைந்த சாப்பாடு. உடம்பு அயோடினுக்கு ஏங்கிக் கிடந்தால்தான் மிச்சமிருக்கும் தைராய்டுச் செல்கள் மருந்தை இழுத்துக்கொள்ளும். அயோடின் சேர்க்காத உப்பு தேடிப்பிடியுங்கள். கடல் மீன், கருவாடு, பால், தயிர், முட்டை மஞ்சள் கரு வேண்டாம். வீட்டில் உப்பை மாற்றிவிட்டு ஓட்டல் சாம்பாரும் கடை ஊறுகாயும் அப்பளமும் சாப்பிடுவதுதான் இங்கே வழக்கமான சறுக்கல்.

கர்ப்பமாக இருக்கும்போது இது கூடவே கூடாது. தாய்ப்பாலைச் சில வாரங்கள் முன்பே நிறுத்த வேண்டும். அடுத்த குழந்தைக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் தள்ளிப்போட வேண்டும். சிகிச்சை முடிந்து வந்ததும் குழந்தைகளிடமிருந்து எத்தனை நாள் தள்ளியிருப்பது என்பது கொடுத்த அளவைப் பொறுத்தது. சின்னக் குழந்தை இருக்கும் வீடு என்றால் யார் வீட்டில் தங்குவது என்பதை மருந்து கொடுப்பதற்கு முன்பே முடிவு செய்யுங்கள்.

12. நோய் தைராய்டில் இல்லை, வாயில் அல்லது தொண்டையில் என்றால்

இது வேறு நோய், வேறு வேகம். தைராய்டில் ஒரு மாதம் யோசித்தால் பெரும்பாலும் குடி முழுகிவிடாது. வாய்ப் புற்றில் ஒரு மாதம் பெரிய விஷயம். என்னோடு வேலை பார்த்த ஒருவர் கன்னத்தின் உட்புறப் புண்ணுக்கு மூன்று மாதம் வைட்டமின் மாத்திரை சாப்பிட்டார். போட்ட ஹான்ஸ் புகையிலையைத் துப்பிவிட்டு அந்த மாத்திரையை விழுங்குவார்.

மூன்று வாரத்தில் ஆறாத வாய்ப்புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் திறப்பது குறைவது, குரல் கம்மல், கழுத்தில் வலியில்லாத நெறிகட்டி, எதுவானாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும். புண்ணின் ஓரத்திலிருந்து சிறு துண்டு எடுத்து பயாப்சி. நெறிகட்டிக்கு மட்டும் ஊசி.

அடுத்து சிடி அல்லது எம்ஆர்ஐ. அதன் பிறகு அறுவை, கதிர்வீச்சு, மருந்து மூன்று துறை டாக்டர்களும் சேர்ந்து பார்க்கும் கூட்டத்தில் வழக்கை வைக்கச் சொல்லுங்கள். முதலில் சந்தித்த டாக்டரின் துறையே சிகிச்சையாகிவிடக் கூடாது.

வாய்ப் புற்றுக்குப் பெரும்பாலும் அறுவைதான் முதலில். கழுத்தில் நெறிகட்டி வீங்கித் தென்படாவிட்டாலும் அவற்றை எடுப்பார்கள். "இல்லாததை ஏன் எடுக்க வேண்டும்" என்று சண்டை போடாதீர்கள். மும்பை டாடா நினைவு மருத்துவமனை 2015-இல் வெளியிட்ட ஆய்வில், முதலிலேயே எடுத்தவர்களில் மூன்று வருடம் கழித்து 80 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். நெறிகட்டி தெரிந்த பிறகு எடுத்தவர்களில் அது 67.5 சதவீதம். எடுத்த இடத்தை முன்கைத் தோல், தொடைச் சதை, காலெலும்பு என்று தேவைக்கேற்ப வைத்து மூடுவார்கள்.

குரல்வளையில் ஆரம்பக் கட்டம் என்றால் கதிர்வீச்சு, அல்லது வாய் வழியாக லேசர். இங்கே மட்டும் அது நிஜமான லேசர். கொஞ்சம் முற்றியிருந்தால் குரல்வளையைக் காப்பாற்றக் கதிர்வீச்சோடு சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தைச் சேர்ப்பார்கள்.

கதிர்வீச்சு தொடங்கும் முன் பல் டாக்டர். சொத்தைப் பல்லை இப்போதே எடுத்து, ஈறு ஆற இரண்டு வாரமாவது விட வேண்டும். கதிர் பட்ட தாடையில் பிறகு பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் அழுகலாம். இதைத் தவறவிடுபவர்கள்தான் அதிகம். ஆபரேஷன் முடிந்து 6 வாரத்துக்குள் கதிர்வீச்சு தொடங்க வேண்டும் என்பதால் பல் வேலையை ஆபரேஷனுக்கு முன்பே முடிப்பது உத்தமம்.

கதிர்வீச்சு வாரத்துக்கு 5 நாள், ஆறு முதல் ஏழு வாரம். பொங்கல், கல்யாணம் என்று நடுவில் விடக் கூடாது. இடைவெளியில் புற்றுச் செல்கள் மறுபடி பெருகும். மூன்றாவது வாரத்திலிருந்து வாய் புண்ணாகிச் சாப்பிட முடியாது. மூக்குக் குழாயோ வயிற்றுக் குழாயோ வைக்கச் சொன்னால் மறுக்காதீர்கள். எடை குறைந்தால், கதிர்வீச்சின்போது தலை அசையாமலிருக்க முகத்துக்கென்று அளவெடுத்துச் செய்த முகமூடி தளர்ந்துவிடும், கதிர் குறி தவறும், திரும்ப அளவெடுக்க வேண்டும்.

வாய் திறக்கும் பயிற்சி முதல் நாளிலிருந்தே. ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கிடையே வைத்து, வாராவாரம் ஒவ்வொன்றாகக் கூட்டுவார்கள். மூன்று விரல் நுழைந்தால் சரி. குறைந்துகொண்டே வந்தால் அடுத்த வருகைக்குக் காத்திருக்காமல் சொல்லுங்கள்.

எல்லாம் முடிந்த பிறகு, ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்கு ஒரு முறை டிஎஸ்எச் பார்க்க வேண்டும். கழுத்தில் பட்ட கதிர் தைராய்டையும் சுட்டிருக்கும், சில வருடம் கழித்து அது மெல்லப் படுத்துவிடும். என் சக ஊழியருக்கு எப்போதும் தூக்கம், உடம்பு வீக்கம். நோய் திரும்பிவிட்டது என்று வீட்டில் எல்லோரும் பயந்தார்கள். டிஎஸ்எச் எகிறியிருந்தது, அவ்வளவுதான். இப்போது அவரும் காலையில் காபிக்கு முன்னால் ஒரு மாத்திரை போடுகிறார்.